குள்ளர் வீடும் தங்கப் புதையலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லச்சந்திரம் பக்கம் ஒரு குன்றின்மேல் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஓட்டை. இந்த மாதிரித் திட்டைகளுக்கு ஊருக்கொரு பெயர் உண்டு: பாண்டவர் வீடு, குள்ளர் வீடு. மறையூர்ப் பக்கம் போனால் முனியறை.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "குள்ளன் கட்டினானாம், நம்புறாங்க பாரு!"

சிரிக்காதே நண்பா. அந்த ஓட்டைக்குள் நீயோ நானோ ஒழுங்காக நுழைய முடியாது. அப்படியானால் உள்ளே இருந்தவன் சின்ன ஆளாகத்தானே இருக்கணும்? மூடுகல்லைப் பார்த்தவன் இத்தனை கனத்தை பீமன்தான் தூக்கியிருப்பான் என்றான். கண்ணால் பார்த்ததை வைத்துக் காரணம் தேடியிருக்கிறார்கள். விடைதான் தப்பு. அது வீடே இல்லை, இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச்சின்னம்.

இந்தக் கதைகளால் ஒரு கல்லும் உடையவில்லை. எனக்குக் கோபம் வருவது இன்னொரு கதைமேல்: "அடியில புதையல் இருக்கு." இதை நம்பித்தான் ராத்திரியில் கடப்பாரையோடு போகிறார்கள்.

நான் காமர்ஸ் படிப்பவன், கணக்காகவே கேட்கிறேன். உள்ளே பொதுவாகக் கிடைப்பது எலும்புத் துண்டுகள், கறுப்பு சிவப்புப் பானைகள், துருப்பிடித்த இரும்புக் கத்தி, சில மணிகள். தங்கம் கிடைப்பது அபூர்வம். அப்படியே கிடைத்தாலும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் தண்டனை. இந்த வியாபாரத்தில் வரவு எங்கே?

நஷ்டம் மட்டும் நிச்சயம். அதுவும் நமக்கு. அதே மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். மண் கலையாமல் இருந்ததால்தான் அங்கே எடுத்த மாதிரியை வைத்துக் காலம் சொல்ல முடிந்தது. கடப்பாரை கிளறிய குழியில் எந்த விஞ்ஞானி வந்தாலும் கையை விரிக்க வேண்டியதுதான்.

எனவே குள்ளர் கதையைப் பாட்டி சொன்னால் கேளுங்கள், ரசியுங்கள், எழுதி வையுங்கள். புதையல் கதையை யாராவது ஆரம்பித்தால், அவர் மாமாவே ஆனாலும், அங்கேயே மறுத்துப் பேசுங்கள். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டால் அடுத்த கல் உடையும்.