வேண்டாம் என்று எழுதியும் வந்த பருப்பு

கஹவத்தை, ரக்வானைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குச் சாமான் கொடுப்பவன் நான். சென்ற மழைக் காலத்தில் என் களஞ்சியத்தில் இருபது மூடை மைசூர்ப் பருப்பு கேட்காமலே வந்து இறங்கியது. அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

புறக்கோட்டையில் நான் சாமான் எடுக்கும் மொத்தக் கடையிலிருந்து, வழக்கமான லொறியில் பருப்பும் ஏற்றவா என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்கள். இருப்புப் போதுமாக இருந்தது. "பருப்பு இப்ப வேண்டாம்" என்று, நம்மில் அநேகர் செய்வதைப் போல, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை லொறி வந்தது. பருப்பும் வந்தது.

கணக்கப்பிள்ளையோடு சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் என் செய்தியையே எனக்குத் திருப்பி அனுப்பினார். "வேண்டாம்" இருக்க வேண்டிய இடத்தில் "வெண்டர்" என்று இருந்தது. விற்பனையாளர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். "நானா, பருப்பு இப்ப வெண்டர் எண்டு போட்டிருந்தீங்க. தோட்டக் கடைக்காரங்களுக்குக் குடுக்கத்தான் கேக்கிறீங்க எண்டு நெனச்சன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. லொறிக் கூலியை ஆளுக்குப் பாதி ஏற்றோம். பருப்பை விற்று முடிக்க ஒன்றரை மாதம் சென்றது. அதுவரை அந்தப் பணம் மூடைக்குள் கிடந்தது.

இது போனிலுள்ள கீபோர்டின் வேலை. ஓட்டோ கரெக்ட் என்பார்கள். அதனிடம் ஆங்கிலச் சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. நாம் ஒரு சொல்லை அடித்து இடைவெளி விட்டதும், அந்தச் சொல் பட்டியலில் இல்லையென்றால், எழுத்தில் அதற்கு நெருக்கமான வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. நாம் அடித்தது தமிழ் என்பது அதற்குத் தெரியாது. என் போனில் உப்பு 'அப்பர்' ஆகும். நெத்தலி 'நட்டாலி' என்று ஒரு வெள்ளைக்காரியின் பெயராகும். இவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். வேண்டாம் என்ற சொல்லே அழிந்தால் சிரிக்க முடியாது. வியாபாரத்தில் அதைவிடப் பெறுமதியான சொல் எது?

படித்தவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். பழைய கணினிச் சொல் திருத்திகள் சிலவற்றின் அகராதியில், ஒத்துழைப்பு என்று பொருள்படும் 'கோ-ஒப்பரேஷன்' என்ற சொல் நடுவில் கோடு போட்ட வடிவில் மட்டுமே இருந்தது. கோடு இல்லாமல் எழுதியவர்களுக்கு அது 'குப்பர்ட்டீனோ' என்று கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஊரின் பெயரை எடுத்துக் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றின் ஆவணங்களில்கூட அந்த ஊர்ப் பெயர் ஏறிவிட்டது.

செய்தியை வாசிப்பவர் மனிதர் என்றால், சந்தேகம் வந்தால் ஒரு கோல் எடுத்துக் கேட்பார். இயந்திரம் கேட்காது. இதை நான் படித்தது என் பில் கணினியில்தான். அனுமதிப் பணம் கட்டத் தேவையில்லை என்று மகன் அதில் லினக்ஸ் போட்டுத் தந்திருக்கிறான். இரத்தினபுரி மாவட்டத்து இடி மின்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்பும், ஆனால் பில் போடும் புரோகிராம் எழும்பாது. அதற்கு என் போனிலுள்ள டேர்மக்ஸ் என்ற அப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடிக்க வேண்டும். இப்படிப்பட்ட அப்புகளை டேர்மினல் என்கிறார்கள்.

தோட்டச் சம்பளம் போட்ட அன்று, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கரண்ட் போனது. வந்ததும் கட்டளையை அடித்தேன். அப்படியொரு கட்டளை இல்லை என்றது. நாலு தடவை அடித்தேன், நாலு தடவையும் அதே பதில். கடைசியில் பார்த்தால், வசனத்தின் தொடக்கம் என்று எண்ணி கீபோர்ட் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறது. லினக்ஸுக்குச் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இரண்டு வேறு எழுத்துகள். மகனிடம் கோல் எடுத்தேன். அவன் ஐபோனில் அடித்து அனுப்பிய வரியைப் பிரதி எடுத்துப் போட்டேன், அதுவும் சரிவரவில்லை. ஐபோனில் 2017 முதல் உள்ள 'ஸ்மார்ட் பங்க்சுவேஷன்' என்ற வசதி, பக்கத்தில் பக்கத்தில் போட்ட இரண்டு சிறு கோடுகளை ஒரே நீண்ட கோடாக மாற்றியிருந்தது. கண்ணுக்கு அழகுதான். கணினிக்குப் புரியவில்லை. அன்று பின்னேரம் வரை கையால் பில் எழுதினோம்.

"வாப்பா, வேலை செய்யாமல் நின்றது நல்லது" என்றான் மகன். விளங்கவில்லை. பிறகு விளக்கினான். கீபோர்ட் காட்டும் சொல்லைத் தொட்டால், அது சொல்லுக்குப் பின்னால் தானாக ஓர் இடைவெளியையும் போடும். அழிக்கும் கட்டளையில் ஒரு கோப்பின் பெயருக்கு நடுவில் அப்படி இடைவெளி விழுந்தால், கணினி அதை இரண்டு பெயர்களாக எடுத்து, அந்தப் பெயர்களில் எது இருந்தாலும் அழித்துவிடும். திரும்ப எடுக்கக் குப்பைத் தொட்டியும் அங்கே கிடையாது. ஒரு வருடக் கடன் கொப்பி அந்தக் கணினியில் இருக்கிறது. அன்றிலிருந்து போனில் அழிக்கும் கட்டளை எதையும் நான் அடிப்பதில்லை. கடன் கணக்கின் பிரதி ஒன்றும் பென் டிரைவில் இருக்கிறது.

நல்ல டேர்மினல் அப்புகள், இது வசனம் அல்ல, கை வைக்காதே என்று கீபோர்டுக்குச் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் சில கீபோர்டுகள் கேட்பதில்லை. டேர்மக்ஸில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் 'என்போர்ஸ் சார் பேஸ்ட் இன்புட்' என்ற வரியை 'ட்ரூ' என்று வைத்து அப்பை மூடித் திறந்தால், கீபோர்ட் கடவுச்சொல் அடிக்கும்போது போல அடங்கி இருக்கும்.

மற்றவர்கள் கீபோர்டிலேயே நிறுத்திவிடலாம். கூகுளின் ஜிபோர்ட் என்றால் அதன் செட்டிங்ஸில் திருத்தங்களுக்குரிய பகுதிக்குப் போய், தானாகத் திருத்துவது, முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, இரண்டு இடைவெளிக்கு முற்றுப்புள்ளி போடுவது மூன்றையும் அணையுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்ட் என்று போனால் ஓட்டோ கரெக்ஷனும் ஸ்மார்ட் பங்க்சுவேஷனும் இருக்கும். முழுவதும் அணைக்க மனமில்லாதவர்கள், ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகவே விழும் முறையை ஜிபோர்டில் சேர்த்துக் கொள்ளலாம். தமிழ் தமிழாகவே போனால் வேண்டாம் வெண்டர் ஆக வழியில்லை.

பேங்குக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது இந்தத் திருத்தம் எனக்கு உதவியாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தோடு நின்ற என் ஆங்கிலத்துக்கு அது தேவை. என் மனத்தாங்கல் வேறு. நான் கேட்காமல், எனக்குச் சொல்லாமல், என் பெயரில் ஓடரை மாற்றி எழுதும் ஓர் ஆளை எந்தக் கடை முதலாளி சம்பளத்துக்கு வைத்துக் கொள்வார்? போனை வாங்கும்போதே அது அணைந்திருக்க வேண்டும். தேவையானவர் போட்டுக் கொள்ளட்டும்.

போன கிழமை ரக்வானைப் பக்கத்துத் தோட்டக் கடைத் தம்பி ஒருவருக்கு இதை நிறுத்திக் கொடுத்தேன். அவருடைய போன் முழுக்கச் சிங்களத்தில் இருந்ததால் இடத்தைக் கண்டுபிடிக்கவே கால் மணித்தியாலம் போனது. அவருக்கும் பருப்பு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டார்.