அளக்கத் தெரிந்தவர் வாங்கிய நோபல்



"அணு, துகள் எல்லாம் எம்.எஸ்ஸி. படிக்கிறவங்க சமாசாரம், டிப்ளமோக்காரனுக்கு எதுக்குடா?" என்று ஹாஸ்டலில் கேட்கிறார்கள். நான் இதில் எதிர்க்கட்சி. துகள் இயற்பியலுக்காக 1984-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான சைமன் வான் டெர் மீர் ஓர் என்ஜினீயர். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் அவர் விசேஷமாகப் படித்தது அளவீடும் கட்டுப்பாடும். நம் சிலபஸில் 'மெஷர்மென்ட்ஸ்' என்று வருகிறதே, அதே குடும்பம். ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவரும் அல்ல.

ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் எதிர்ப்புரோட்டான்களைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. புரோட்டான்களை உலோகத்தில் மோதவிட்டால் அவை பிறக்கும். ஆனால் சந்தை கலைந்த கூட்டம் மாதிரி ஆளுக்கொரு திசை, ஆளுக்கொரு வேகம். இந்தத் தாறுமாறைத்தான் 'சூடு' என்கிறார்கள். குளிர வைப்பது என்றால் ஐஸ் வைப்பது அல்ல, கூட்டத்தை நெருக்கி ஒரே வேகத்தில் ஓடவைப்பது.

வளையத்தின் ஓரிடத்தில் இருக்கும் பிக்-அப், கற்றை நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சிக்னல் கொடுக்கும். அதைப் பெருக்கி எதிர்ப்பக்கம் அனுப்பினால், அங்கே 'கிக்கர்' ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளும். துகளோ ஒளிவேகத்தை நெருங்கி ஓடுகிறது, சிக்னல் எப்படி முந்தும்? துகள் வளைவில் சுற்றிப் போக வேண்டும், கேபிள் குறுக்கே போகிறது. பஸ் ஏரியைச் சுற்றி வருவதற்குள் நாம் வரப்பில் குறுக்கே நடந்து ஸ்டாப்பில் நிற்பதில்லையா, அதுதான்!

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பிக்-அப் எந்தத் துகளையும் தனியாகப் பார்ப்பதில்லை. பெருங்கூட்டத்தின் இரைச்சலுக்குள் ஒவ்வொன்றின் விலகலும் துளியூண்டு கலந்திருக்கும். ஒரு சுற்றில் ஒன்றும் தெரியாது. லட்சக்கணக்கான சுற்றுகளில் அந்தத் துளித் திருத்தம் சேர்ந்துகொண்டே போகும், மற்றவற்றின் இரைச்சல் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 1972-ல் இதை எழுதி வைத்தார். 1983-ல் டபிள்யூ, இசட் துகள்கள் அகப்பட்டன.

மெக்கானிக்கல்காரர்கள் கோபிக்க வேண்டாம். செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தில், 15 மீட்டர் நீளக் காந்தங்களைத் தாங்கி இம்மி பிசகாமல் நகர்த்தி நிறுத்தும் ஜாக்குகள் ஏறக்குறைய 7,000, இந்தூர் மையத்தின் மேற்பார்வையில் இந்தியாவில் செய்து அனுப்பியவை.

இனி நம் கதை. சி.ஆர்.ஓ. பீரோவில் பூட்டியிருக்கிறது, இன்ஸ்பெக்ஷன் அன்று வெளியே வரும். ரீடிங் சீனியர் ரெக்கார்டிலிருந்து வருகிறது, வருஷா வருஷம் அதே 4.7 வோல்ட். இரைச்சலே இல்லாத ரீடிங்! வான் டெர் மீருக்கு இரைச்சலிலிருந்துதான் நோபலே வந்தது. போன வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், நம் அண்ணன் ஒருவர் கையில் பிரோபைக் கொடுத்து, "இந்தப் பாயின்ட்ல என்ன வருதுன்னு சொல்லுப்பா" என்றார்களாம். பாவம், ரெக்கார்டு கொண்டுபோகவில்லை அவர்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான்தான் முதல். பட்டுக்கூடு விற்கப் போகும் அப்பா, மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் மூட்டையை ஏற்றமாட்டார். 'ஜீரோ எர்ரர்' என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. அதை ஐந்து மார்க்குக்கு எழுதும் நம்மில் எத்தனை பேர் மீட்டர் முள்ளைப் பார்க்கிறோம்?

கேன்டீன் டீ விலைக்குப் பேசும் மாணவர் பேரவை பீரோ சாவிக்கும் பேசட்டும். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் லேப் திறந்திருந்தால் போதும். அவரவர் கையால் ரீடிங் எடுத்து, தேதி போட்டு, புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் அப்படியே எழுதுவோம். அதற்காக மார்க் குறையாது என்று ஆசிரியர்களும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாவி கேட்க முதல் ஆளாக நான் போகிறேன். கூட யார் யார் வர்றீங்க?