தூரமா, நேரமா?

ஓர் இடம் அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதைப் பலர் கிலோமீட்டரைக் கொண்டே முடிவு செய்கின்றனர். ஆனால், பயணம் செய்பவருக்கு உண்மையான அளவுகோல் தூரமன்று; அவர் செலவிடும் நேரமே.

வட துருவத்திற்கு அருகில் நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் உள்ளது. அங்குள்ள லாங்இயர்பியன் விமான நிலையத்திற்கும் அந்நாட்டின் வடபகுதி நகரமான டிரோம்சோவுக்கும் இடையே 950 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். நடுவில் கடல். ஆயினும், விமானம் அதனை ஏறக்குறைய 100 நிமிடங்களில் கடந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் துவாஸ் லிங்க் நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால், பெருவிரைவு ரயிலில் செல்ல ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகிறது. விமானம் வழியில் எங்கும் நிற்பதில்லை. ரயிலோ ஏறத்தாழ முப்பது நிலையங்களில் நின்று செல்கிறது. தானா மேராவில் வேறு ரயிலுக்கும் மாற வேண்டும். ஆகவே, வேகம், நிறுத்தங்கள், காத்திருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே பயண நேரத்தை முடிவு செய்கின்றன.

2017ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி இதற்கு ஒரு நல்ல சான்று கிடைத்தது. அதுவரை ஜூ கூன் நிலையத்துடன் முடிந்த கிழக்கு மேற்கு ரயில் பாதை, அன்று நான்கு புதிய நிலையங்களுடன் 7.5 கிலோமீட்டர் நீண்டு துவாஸ் லிங்க் வரை சென்றது. துவாஸ் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால், அங்கு வேலை செய்பவர்களுக்கு நகரம் சற்று நெருங்கி வந்தது.

ஆயினும், எல்லாருக்கும் அது போதிய அளவு நெருங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. துவாஸ் வட்டாரத் தங்கும் விடுதிகளில் தமிழ்நாட்டு ஊழியர்கள் பலர் வசிக்கின்றனர். தேக்கா சந்தைக்கோ சிராங்கூன் சாலைக் கோயிலுக்கோ செல்ல அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. லிட்டில் இந்தியாவுக்கு ரயில் பயணம் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். விடுதியிலிருந்து நிலையத்திற்கு வரும் நேரத்தையும் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், போய்வர மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு பெறுபவருக்கு இது சிறிய இழப்பன்று.

தூரம் மாறாதது, எனவே அதுவே நியாயமான அளவு என்று சிலர் கூறலாம். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு முதல் பேருந்து, ரயில் கட்டணங்கள் பயணம் செய்யும் மொத்தத் தூரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. கட்டணத்திற்கு அந்த முறை பொருத்தமானதே. ஆனால், பணத்தைக் கணக்கிட உதவும் அளவுகோல், களைப்பையும் காத்திருப்பையும் அளக்க உதவாது.

துவாஸ் வட்டாரத்திலேயே பொழுதுபோக்கு நிலையம் இருக்கிறதே என்றும் கேட்கலாம். அது பயனுள்ளதுதான். ஆனால், ஊர்க்காரர்களைச் சந்தித்து, பழகிய கடையில் உணவு உண்டு, கோயிலில் வழிபடும் நிறைவுக்கு அது முழுமையான மாற்றாகாது.

எனவே, பயண வசதியைத் திட்டமிடுவோர் நிலையத்திலிருந்து நிலையத்திற்கு மட்டும் அளந்தால் போதாது; வீட்டு வாசலிலிருந்து சேரும் இடம்வரை ஆகும் நேரத்தையும் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பகுதிகளிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நேரடிப் பேருந்துகளைக் கூடுதலாக இயக்குவது ஒரு நல்ல தொடக்கமாகும். தூரத்தைக் குறைக்க யாராலும் இயலாது. நேரத்தைக் குறைக்க இயலும்.