மைக்கை இங்கே கொடு அக்கா

பாலிங் வட்டாரத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில் பிச்சை என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். குப்பம்மாள் என்று இரண்டு பாட்டிகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஒரு நாள் அம்மா காதில் விழுந்துவிட்டது. அடிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போயிருந்தால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் கிடத்தி, தவிட்டுக்கு வாங்கினதாகப் பேர் பண்ணித் தூக்கி வருவாங்க. எமன் கண்ணுக்கு மதிப்பில்லாத பிள்ளையாகத் தெரியணும் இல்லையா? அதுக்குத்தான் அந்தப் பேரு."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு தாய் இருந்தாள், அவளுக்கும் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது என்பது புரிய எனக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 'பிள்ளை தங்காதவள்' என்பதே அந்தப் பட்டம். என் தங்கைக்கு அதே பட்டம் கிடைத்தபோதுதான் புரிந்தது.

தங்கையைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என் பேரை மட்டும் போடாதே" என்றாள்.

முதல் குழந்தை 21ஆம் வாரத்தில் போனது. வலி இல்லை. அடிவயிற்றில் ஏதோ கீழே அழுத்துவது போல இரண்டு நாள். வழக்கத்தைவிட அதிகமாக, சளி போல வெள்ளைப்படுதல். காட்டப் போன இடத்தில் "இதெல்லாம் சாதாரணம்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இரவே எல்லாம் முடிந்துவிட்டது.

உறவுக்காரர்கள் வந்தார்கள். தண்ணீர் வாளி தூக்கினாளா, அன்னாசி தின்றாளா, தொழிற்சாலை பஸ்ஸில் குலுங்கினாளா, அந்தி நேரத்தில் மரத்தடியில் நின்றாளா என்று ஒரு விசாரணையே நடந்தது. எதைச் சொன்னாலும் குற்றவாளி அவள்தான்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வேலைக்குத் திரும்பிவிட்டாள். மார்பில் பால் கட்டியிருந்தது. நம் நாட்டு வேலைச் சட்டம் பிரசவம் என்று கணக்கில் கொள்வது 22 வாரம் நிறைந்த பிறகு நடப்பதைத்தான். 2023 ஜனவரியிலிருந்து பேறுகால விடுப்பு 98 நாளாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இன்றும் 21ஆம் வாரத்தில் பறிகொடுப்பவளுக்கு அது கிடையாது. மருத்துவ விடுப்போடு சரி.

இரண்டாவது குழந்தை 29ஆம் வாரத்தில், பனிக்குடம் உடைந்து பிறந்தான். கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்கில் இருந்தான். இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான், என்னை "ரேடியோ பெரியம்மா" என்று கூப்பிடுகிறான். அவனுக்கு நாங்கள் பிச்சை என்று பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு உள்ளூர ஆசை இருந்ததை நான் அறிவேன்.

சென்ற ஆண்டு மூன்றாவது முறை உண்டானாள். எட்டாவது வாரத்திலேயே தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, கர்ப்பப்பை வாயில் தையல் போடலாமான்னு கேட்கிறாங்க. நீ நாலு பேரைப் பேட்டி எடுக்கிறவ. என்ன கேட்கணும்னு எழுதிக் கொடு."

பேட்டி எடுக்கப்போவது போலவே படித்தேன். படித்ததில் என்னை முதலில் நிறுத்தியது ஓர் ஆண்டு. பாலிங்காரர்களுக்கு 1955 என்றால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். டிசம்பர் 28, 29 தேதிகளில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஒரு பக்கமும் சின் பெங் குழுவினர் மறுபக்கமுமாக நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். உடன்பாடு இல்லாமல் எழுந்து போனார்கள். அதே 1955இல், பம்பாயைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் வி. என். ஷிரோட்கர், நடுமாதங்களில் அடுத்தடுத்துக் கரு கலையும் பெண்களுக்குத் தாம் செய்துவந்த ஒரு புதிய அறுவை முறையை எழுதினார். அது வெளியானது சென்னையிலிருந்து வந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில்.

அதுவரை 'பலவீனம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்பட்டதற்கு அவர் ஓர் இடத்தைக் காட்டினார். சிலருக்குக் கருப்பையின் வாய், வலி எடுப்பதற்கு முன்பே மெல்லத் திறந்துகொள்கிறது. அதை இறுக்கிக் கட்டிவைத்தால் குழந்தை உள்ளே தங்கும். கட்டுவதற்கு அவர் எடுத்தது அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே ஒரு சவ்வுப் பட்டை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1957இல், மெல்பர்னைச் சேர்ந்த மெக்டொனால்ட் இன்னும் எளிய தையலை எழுதினார். நம் பாட்டிமார் வெற்றிலை பாக்கு வைத்து இடுப்பில் செருகிக்கொள்ளும் சுருக்குப்பை நினைவிருக்கிறதா? வாயைச் சுற்றி நூல் ஓட்டி இழுத்து முடிச்சுப் போட்டால் பை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம். இன்று பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, கீழ்வழியாகவே இதைச் செய்கிறார்கள். வயிற்றில் கத்தி வைப்பதில்லை. 36, 37ஆம் வாரத்தில் நூலை வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

இதைப் படித்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். இவ்வளவு எளிதென்றால் உடனே போட்டுவிட வேண்டியதுதானே?

மேலே படித்தபோது அந்த உறுதி கொஞ்சம் தளர்ந்தது. பல நாடுகளில் 1,292 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1993இல் வெளிவந்தது. தையல் போடுவதால் பயன் உண்டா என்று மருத்துவர்களுக்கே சந்தேகம் இருந்த பெண்கள் அவர்கள். போட்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கு 33 வாரத்துக்கு முன் பிரசவமானது. போடாதவர்களில் 17 விழுக்காடு. அதாவது, சுமார் 25 பேருக்குத் தைத்தால் ஒருவருக்குத்தான் அதனால் பலன். ஆனால் மூன்று முறையோ அதற்கு மேலோ இப்படிப் பறிகொடுத்தவர்களை மட்டும் தனியே பார்த்தால் நிலைமை வேறு. போட்டவர்களில் 15 விழுக்காடு, போடாதவர்களில் 32. பாதிக்குப் பாதி.

அதனால்தான் பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டி, மூன்று முறை அல்லது அதற்கு மேல் நடந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே தையலைப் பற்றிப் பேசச் சொல்கிறது. ஒன்று இரண்டு முறை நடந்தவர்களுக்கு உள்வழி ஸ்கேன் மூலம் கருப்பை வாயின் நீளத்தை அளந்துவரலாம். 24 வாரத்துக்குள் அது 25 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் கீழே குறுகினால் தையல். என் தங்கையின் கணக்கு இரண்டு. இரண்டுங்கெட்டான் நிலை என்பது இதுதான்.

சுங்கைப்பட்டாணி பெரிய மருத்துவமனைக்கு நானும் அவளோடு போனேன். மருத்துவர் மலாய்க்காரப் பெண்மணி, நிதானமானவர். கர்ப்பப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் எப்படி ஆரம்பித்தது? வலியா, ரத்தமா, நீரா, காய்ச்சலா? இரத்த அழுத்தம் ஏறியதால் மருத்துவர்களே முன்கூட்டி எடுத்த பிரசவமா? இவ்வளவு ஏன் கேட்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. குறைமாதப் பிரசவம் எல்லாம் கருப்பை வாயால் வருவதல்ல. இரத்த அழுத்தமோ நஞ்சுக்கொடி ரத்தப்போக்கோ காரணமாக இருந்தால், வாயைத் தைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இரட்டைப் பிள்ளைகள் என்றாலும் வழக்கமாகப் போடுவதில்லை.

பிறகு வழிகளைச் சொன்னார். 12, 13 வாரத்திலேயே போட்டுவிடலாம். அல்லது 16ஆம் வாரத்திலிருந்து 24 வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து, குறுகினால் போடலாம். புரோஜெஸ்டிரோன் மருந்தைக் கீழ்வழியாக வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. தையலிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம், அபூர்வமாகத் தைக்கும்போதே பனிக்குடம் உடையலாம். தையலோடு வலி எடுத்துவிட்டால் வாய் கிழிந்துபோகும், உடனே ஓடி வர வேண்டும். எல்லாம் சொல்லி முடித்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இப்போதே போட்டுவிடுங்கள் டாக்டர், பாலிங்கிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விடுப்பு யார் கொடுப்பார், பையனை யார் பார்த்துக்கொள்வார்... வானொலிப் பழக்கம். இடைவெளி விட்டால் பிடிக்காது.

தங்கை என் கையைத் தொட்டாள். "மைக்கை இங்கே கொடு அக்கா."

அவள் பேசினாள். என்னைவிட நல்ல மலாயில் பேசினாள். "முதல் தடவை எனக்கு ஒண்ணுமே தெரியாம நடந்துச்சு. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். இந்தத் தடவை உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துக்கிட்டே போகணும். தேவையில்லாம தைக்க வேண்டாம். தேவைன்னா ஒரு நாளும் தள்ள வேண்டாம். பஸ்ஸுல வந்துக்கிறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் கோலக்கெட்டில் தாண்டும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன், பயம். தப்பாகிவிட்டால்? அம்மாவுக்கு வேறு பயம். தையலும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், ஒன்பது மாதமும் படுத்தே கிடக்கட்டும் என்றார். படுத்தே கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படுவதாக நிரூபணம் இல்லை, காலில் ரத்தம் உறைவது போன்ற தொல்லைகள்தான் வரும் என்று அம்மாவுக்கு விளக்குவதற்கே ஒரு வாரம் ஆனது.

16ஆம் வாரம் 36 மில்லிமீட்டர். 18ஆம் வாரம் 33. நான் கோலாலம்பூரில் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். 20ஆம் வாரம் 24 என்று வந்தது. அதன் கீழே, "தைக்கப் போறாங்க. அழாதே. எனக்குப் பயமில்லை, எதுக்குன்னு தெரியுது" என்று எழுதியிருந்தாள். மறுநாளே தைத்தார்கள். அரை மணி நேரம் போல ஆனதாம்.

அவள் முடிவுதான் எல்லாருக்கும் சரி என்று நான் சொல்லவில்லை. காத்திருப்புக் கூடத்தில் பழக்கமான ஒரு மலாய்க்கார அக்கா, சிக் பக்கம் உள்ளே தள்ளிய கம்பத்திலிருந்து வருபவர். கணவர் வெளியூரில் வேலை, வாகனம் இல்லை. அவருக்கும் இரண்டு முறை நடந்திருக்கிறது. மருத்துவரோடு பேசி அவர் 13ஆம் வாரத்திலேயே போட்டுக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வர முடியாது என்று தெரிந்தவர் எடுத்த முடிவு அது. அதுவும் சரிதான். ஆய்வுக்கட்டுரையில் எந்தப் பெண்ணுக்கும் பஸ் பிடிக்க வேண்டியதில்லை. நமக்கு இருக்கிறது.

வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி நடந்திருந்தால், எத்தனையாவது வாரம், எப்படி ஆரம்பித்தது, வலி முன்னால் வந்ததா நீர் முன்னால் வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உண்டானதும், 12ஆம் வாரத்துக்கு முன்பே, அதைக் கிளினிக் தாதியிடம் கொடுங்கள். பதிவுப் புத்தகத்தில் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான் முடிவாகின்றன. வெட்கப்பட்டோ, பழைய துக்கத்தைக் கிளற வேண்டாம் என்றோ மறைத்தால் நிறமும் மாறிப்போகும். தையல் போட்டிருப்பவர்கள் வலி, ரத்தம், நீர், காய்ச்சல் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். "சாதாரணம்" என்று அனுப்பினாலும் மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பிப் போய் நில்லுங்கள்.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் என்னைப் போன்ற அக்காக்களுக்கும் ஒன்று. வாளியை விசாரிப்பதை நிறுத்துவோம். பஸ்ஸுக்குத் துணைக்குப் போவோம். டாக்டர் கேட்கும்போது வாயை மூடிக்கொள்வோம். கடைசியாகச் சொன்னது எனக்குத்தான் கஷ்டம்.

இதை எழுதும் இந்த வாரம் தங்கைக்கு 31. அவள் இதுவரை தாண்டாத இடம். இன்னும் ஐந்து வாரம் போனால் நூலை எடுப்பார்கள். நடுவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, டாக்டரும் வாக்குக் கொடுக்கவில்லை. நேற்று அம்மா தொலைபேசியில் மெதுவாகக் கேட்டார், "பேரு ஏதாச்சும் யோசிச்சு வைக்கலாமா?"

தங்கை பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "வைக்கலாம்மா. நல்ல பேரா வைக்கலாம்."