மூடப்பட்ட பெட்ரோல் பங்க்: மண்ணைச் சோதிப்பது யார் பொறுப்பு?

குத்தகைக் காலம் முடிகிறது. நகரின் நடுவே இருந்த பெட்ரோல் பங்க் மூடப்படுகிறது. நிலத்தடித் தொட்டிகள் தோண்டி எடுக்கப்படுகின்றன. பள்ளம் மண்ணால் நிரப்பப்படுகிறது. சில மாதங்களில் அதே மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகிறது. நாட்டின் எந்தப் பெருநகரத்திலும் காணக்கூடிய காட்சிதான் இது. பத்திரம், வில்லங்கச் சான்று என்று காகிதங்கள் அனைத்தும் சரிபார்க்கப்படுகின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகள் எரிபொருளைத் தாங்கி நின்ற மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதேயில்லை.

கசிவு என்றதும் பெரும் விபத்தை எண்ண வேண்டியதில்லை. புதைந்து கிடக்கும் எஃகுத் தொட்டி துருப்பிடிக்கும். குழாய் இணைப்புகள் தளரும். டேங்கர் லாரியிலிருந்து இறக்கும்போது சிறிது சிந்தும். நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் இழப்பு, ஆவியாதல் என்ற கணக்கில் எளிதாக ஒளிந்துகொள்ளும். ஆனால் நிலத்தடி நீரின் கணக்கு வேறு. பிஎஸ்-6 தர விதிப்படி பெட்ரோலில் 1 விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு வரம்பு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கக்கூடிய பென்சீன் எட்டு லட்சம் லிட்டருக்கும் அதிகமான நீரை அந்த வரம்புக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள் இது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பிருந்தே இயங்கிய நிலையங்களின் மண்ணில் ஈயத்தையும் தேட வேண்டும்.

இவற்றைக் கண்டறிவது அறிவியலுக்கு எட்டாத காரியமன்று. முதலில் பழைய வரைபடங்களையும் இருப்புப் பதிவேடுகளையும் எடுத்து, தொட்டிகளும் குழாய்களும் நிரப்பும் வாயும் எங்கெங்கே இருந்தன என்று குறிக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களிடம் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். எந்தத் தொட்டியில் அடிக்கடி தண்ணீர் ஏறியது என்பது கோப்புகளைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். பிறகு அந்த இடங்களில் துளையிட்டு, பல்வேறு ஆழங்களில் மண் மாதிரி எடுத்து, ஆவி வெளியேறாத குப்பிகளில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் தேவை. மூன்று இடங்களின் நீர்மட்டத்தை ஒப்பிட்டால்தான் நிலத்தடி நீர் எத்திசையில் நகர்கிறது, யாருடைய ஆழ்துளைக் கிணற்றை நோக்கிச் செல்கிறது என்பது புலப்படும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலகுவானவை. நீர்மட்டத்தின்மேல் மிதந்து, மழைக்காலத்தில் அதனுடன் ஏறி, கோடையில் இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் அவை படிந்துவிடுகின்றன. ஆகவே ஒரே நாளில் எடுத்த மாதிரியைக் காட்டி ‘சுத்தம்’ என்று சான்றளிப்பது ஏமாற்று வேலை. பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதித்தாக வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலப்பு இதில் புதிய சிக்கல்: மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலை முதலில் உண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதையாமல் கூடுதல் தொலைவு பரவக்கூடும்.

2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, காரணம் பங்க் அல்ல, பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய். எனினும் அங்கே கசிவைக் கண்டுபிடித்தது கருவியன்று; நீர் இறைத்த மக்களின் மூக்கு. பிரச்சனை பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல வேண்டியிருந்தது.

நமது பெட்ரோலியச் சட்டம் 1934ஆம் ஆண்டின் சட்டம். தீயும் வெடிப்பும்தான் அதன் கவலை. நிலத்தடி நீர் அன்று. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாசடைந்த இடங்களுக்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில்தான் வெளியிட்டது. மாசு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். வரவேற்கத்தக்கவையே. ஆனால் சீரமைப்பை முடிக்கக் காலக்கெடு இல்லை. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் வெறும் 7 இடங்களில்தான் பணி தொடங்கியிருந்தது என்று அப்போது தெரியவந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை, எல்லாமே சந்தேகத்திலிருந்து தொடங்குவது. மேலே சிமெண்ட் தளம் போட்ட மனையை யார் சந்தேகிப்பார்கள்? மூடப்படும் ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கும் சோதிக்கப்பட வேண்டும் என்று விதி கட்டளையிடவில்லை.

பணம் இல்லை என்ற பதில் வரும். தனியார் லாபத்தின் தாயகமான அமெரிக்காவே 1984இல் நிலத்தடித் தொட்டிகளுக்குச் சட்டம் இயற்றி, கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி விதித்துத் தனி நிதியம் அமைத்தது. அங்கே இதுவரை உறுதியான கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல், பெரும்பாலானவை சீரமைக்கப்பட்டுவிட்டன. இங்கோ, தூய ஆற்றலுக்கென நிலக்கரி மீது டன்னுக்கு 400 ரூபாய் வரை வசூலிக்கப்பட்ட மேல்வரி, 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் இழப்பீட்டு மேல்வரியாக மாற்றப்பட்டது. பெட்ரோல், டீசல் மீது இன்றும் மேல்வரிகள் வசூலாகின்றன. அவற்றில் துளியும் எரிபொருள் கெடுத்த மண்ணுக்கென ஒதுக்கப்படவில்லை.

நாட்டில் இன்று சுமார் ஒரு லட்சம் பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றன. பெரும்பான்மை பொதுத்துறை நிறுவனங்களுடையவை. அதைச் சாக்கிட்டுப் பொதுத்துறையைத் தாக்கவும் சிலர் முனையலாம்; துருவுக்குத் தனியார் தொட்டி, அரசுத் தொட்டி என்ற பேதமில்லை. மூடும்போது எண்ணெய் நிறுவனத்தின் செலவில் மண், நீர் ஆய்வு கட்டாயமாக வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் கட்டட அனுமதி தரக்கூடாது. முடிவுகள் வார்டு மக்களின் முன் தாய்மொழியில் வைக்கப்பட வேண்டும். பம்புத் தொழிலாளர்களுக்கும், அஸ்திவாரம் தோண்ட இறங்கும் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் பென்சீன் பாதிப்புக்கான மருத்துவப் பரிசோதனை வேண்டும். இதற்கெல்லாம் நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவரக் காத்திருக்கத் தேவையில்லை. 2025ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தும் ஓர் அரசிதழ் அறிவிக்கையிலிருந்தே தொடங்கலாம்.