உள்குத்தகைக்கு விட்டால் உரிமம் ரத்து
இன்னொரு வெடிவிபத்துக்குப் பின் மறுபடியும் ஆய்வு அறிவிப்பு வந்திருக்கும் வேளையில், விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளை உரிமதாரர்கள் அறைவாரியாகப் பிறருக்கு உள்குத்தகைக்கு விடும் வழக்கத்தை இனியும் பொறுக்க முடியாது. 2012-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகும் நிலைமை மாறவில்லை. ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது என்பது விதி. அறைவாரியாக வாடகைக்கு எடுத்தவரோ தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார்; அதனால் அறையில் ஆள் கூடும், மரத்தடியிலும் வெடிமருந்து செலுத்தும் வேலை நடக்கும். மருந்தை வெடிக்கவைக்கும் உராய்வுக்கு அந்த லாபக் கணக்கு தெரியாது. மேற்பார்வையாளரைக் கைது செய்து, உரிமத்தைச் சில காலம் நிறுத்திவைத்து, நிவாரணம் வழங்குவதோடு (அதுவும் தேவைதான்) அரசின் கடமை முடிந்துவிடாது. உள்குத்தகை உறுதியானால் உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்து, உரிமதாரரையே முதல் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும். ஆர்டர் குவியும் மாதங்களில், வெடிபொருள் துறையும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து, முன்னறிவிப்பின்றிச் சோதனையிட வேண்டும்.