புதுசாக வந்தவர்

ராக் குழுவில் புதுசாக ஒருத்தர் சேர்ந்து சத்தம் மாறினால், உடனே 'போச்சு, கெட்டுப்போச்சு' என்கிறீர்கள். 1968-ல் டேவிட் கில்மோர் சேராவிட்டால் பிங்க் ஃப்ளாய்டை இன்றைக்கு இத்தனை பேர் கேட்போமா? சபாவில் 'சுத்த சம்பிரதாயம்' பேசும் மாமாக்களே, வயலினே பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு வந்த ஐரோப்பியச் சரக்குதான். காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை மிருதங்கத்தோடு கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று மேடையையே நிரப்பினார். சங்கீதம் செத்தா போச்சு?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழி. அங்கே யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்க வந்த ஒரு புது மாணவர், குரு சொன்ன அர்த்தத்தையே மறுத்தார். வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்தான் ராமானுஜர். பிற்பாடு குருவே அவருக்குச் சீடரானார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள்.

புதுசாக வருகிற எல்லோரும் ராமானுஜர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுசாக ஒரு பாட்டாவது கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்களேன்!